வசந்தாமணியின் ஆஸ்பத்திரி நோட்டு

போன சனிக்கிழமை நீங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு வந்தபோது வைத்த கேசரியில் முந்திரி குறைந்துபோனதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எடிசனில் இருக்கிற நம்மூர்க் கடை வரை போய் வர நேரமில்லை, அந்த வாரம் முழுக்க எனக்கு டபுள் ஷிப்ட். பாஸ்டர் ஐயா ஒரு ஸ்பூன் எடுத்துவிட்டுத் தட்டை மேஜையில் வைத்துவிட்டார். கமிட்டிச் சகோதரர்கள் இருவரும் அதுகூடத் தொடவில்லை. வந்த காரியம் அப்படி, தொண்டையில் இறங்கியிருக்காது.

நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். நாம் ஒரே சபையார், தமிழிலேயே இருக்கட்டும். என் பெயர் ஜெயலீலா. வயது ஐம்பத்தொன்று. பார்சிப்பனியில் பதினாறு வருஷமாக இருக்கிறேன், ரெஜிஸ்டர்ட் நர்ஸ். நம் சபையின் மிஷன் ட்ரிப்புக்கு மூன்று வருஷமாக நான்தான் லீடர். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் வாக்குமூலம் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

போன வருஷம் ஜூலை மாதம் பதினாலு பேர் போனோம். சத்தியமங்கலத்துக்கு மேற்கே ஓடைக்காட்டுப்பட்டி என்று ஒரு ஊர். மொத்தம் பன்னிரண்டு நாள். பயணத்தில் இரண்டு நாள் போய்விடும், ஜெட்லாக்குக்கு ஒரு நாள், கோயம்புத்தூரில் பட்டு எடுக்க இரண்டு நாள். மீதி ஏழு நாளும் முழுக்க முழுக்க ஊழியம். ஒரு சகோதரர் சென்னையில் விசா ஸ்டாம்பிங் இருக்கிறதென்று எங்களோடு கிளம்பினார். ஸ்டாம்பிங் முடிந்த அன்றே அவருக்குக் காய்ச்சல் கண்டு, மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டார். அவரையும் சேர்த்துத்தான் பதினாலு.

நாங்கள் ஜெபக்கூடத்துச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தோம். மே மாதம் டெக்சாஸிலிருந்து வந்த குழு அதற்கு நீலம் அடித்திருந்தது, நாங்கள் மஞ்சள் அடித்தோம். உள்ளூர் ஊழியர் சேனாபதி வெளிநாட்டுக் குழுக்களுக்கென்றே அந்த ஒரு சுவரை ஒதுக்கி வைத்திருக்கிறார். மற்ற மூன்று சுவர்களும் காரை பெயர்ந்து கிடக்கின்றன, அவை போட்டோவில் விழாது. நம் பிள்ளைகள் இங்கிலீஷில் பொம்மலாட்டம் நடத்தினார்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் சேனாபதி கையைத் தூக்குவார், ஊர்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆளுக்கு ஒரு கூலிங் கிளாஸ் கொடுத்தோம். நல்ல மனுஷர் சேனாபதி. வருகிற எல்லாக் குழுவையும் ஒரே மாதிரி நேசிக்கிறார்.

இதெல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் நம்மிடம் சாட்சி இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வருஷா வருஷம் செப்டம்பர் முதல் வாரம், லேபர் டே விடுமுறையில் நம் தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற மாநாட்டில், ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன் மிஷன் ட்ரிப் வீடியோவைப் போட்டு, நடந்த அற்புதத்துக்குச் சாட்சி சொல்லும். முந்தின வருஷம் மில்பிடாஸிலிருந்து தனபாக்கியம் அக்கா கொண்டுவந்த வீடியோவில் ஒரு முடவன் ஊன்றுகோலைத் தூக்கி எறிந்துவிட்டு நடந்தான். அக்காவைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். தங்கமான மனுஷி, ஆனால் அந்த ஆளுக்கு ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிப்பது என்றே தெரியவில்லை. ஒரு நர்ஸ் அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. ஆனாலும் நான் எழுந்து நின்று கைதட்டினேன். அடுத்து எங்கள் வீடியோ. நாங்கள் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். பாதியிலேயே ஜனங்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். சாப்பாட்டு வரிசையில் தனபாக்கியம் அக்கா என் தோளைத் தட்டி, "பரவாயில்ல ஜெயலீலா, பெயிண்டிங்கும் ஊழியந்தான்" என்றார். நான் சிரித்தேன். அந்த இரண்டு வார்த்தை என்னை ஒரு வருஷம் அரித்தது. நீங்கள் இதைப் பொறாமை என்பீர்கள். நான் சபைக்காகப் பட்ட ஆதங்கம் என்பேன்.

வசந்தாமணி எங்களுக்குக் கிடைத்தது பயணத்தின் ஏழாம் நாள். மெடிக்கல் கேம்ப் மேஜையில் நான் உட்கார்ந்திருந்தேன். முப்பத்துநாலு வயது, ஒல்லியான தேகம், புருஷன் இல்லை. தோட்டத்துக் கூலி வேலை. பத்து வயதில் தென்றல் என்று ஒரு மகள். கை கழுவிவிட்டு வந்து வரிசையில் நின்றாள், அது எனக்குப் பிடித்தது.

"எனக்கு ஒண்ணுமில்லீங்கம்மா" என்றாள். "வலிப்பு இருந்துச்சுங்க, நாலு வருசமா வரலீங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரி மாத்திரை போட்டுட்டிருக்கறனுங்க. புள்ளைக்குத்தான் கண்ணு பார்க்கோணுமுங்க, போர்டுல எழுதறது தெரியலைங்கறா."

பிள்ளையின் கண்ணை நான் பார்க்கவில்லை. நாலு வருஷமாக வலிப்பு வரவில்லை என்ற வார்த்தையிலேயே என் மனது நின்றுவிட்டது. அன்று மாலைக் கூட்டத்தில் அவளை முன்னால் அழைத்துத் தலையில் கைவைத்து ஜெபித்தோம். மறுநாள் வலிப்பு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சாட்சிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

வீடியோ எடுத்தவர் ரஞ்சித்குமார். புது ஹேண்டிகேம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அவர்மேல் குற்றமில்லை, சொன்ன பக்கம் திருப்பினார். யோசனை முழுக்க என்னுடையது. ஓடைக்கரையில் வசந்தாமணி நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும், தென்றல் மாத்திரைகளைத் தண்ணீரில் கொட்ட வேண்டும். தினம் சாயங்காலம் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது அந்தப் பிள்ளையின் வேலை, ஆகவே அவள் கையால் கொட்டுவதுதான் பொருத்தம். பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். முதல் தடவை சூரியன் பின்னால் இருந்ததால் முகம் கறுப்பாக விழுந்துவிட்டது. சேனாபதி ஓரத்தில் ஒதுங்கியிருந்த மாத்திரைகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாம் தடவை நன்றாக வந்தது.

முடிந்து திரும்பும்போதுதான் அவள் என் பின்னாலேயே ஓடிவந்தாள். உங்கள் கைக்கு வந்த கேமரா கேஸட்டில் நீங்கள் கேட்டது அதைத்தான். ரஞ்சித்குமார் கேமராவை அணைக்க மறந்து கையில் தொங்கவிட்டு நடந்திருக்கிறார். படத்தில் வெறும் புல்லும் செருப்பும்தான் இருக்கிறது, பேச்சு மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது.

"ஏனுங்கம்மா, இது படத்துக்குத்தானுங்களே? சாயங்காலம் மாத்திரை போட்டுக்கலாமுங்களா?"

பக்கத்தில் நடந்துவந்த என் மகள் ஜெபினா, "மாம், ஷி இஸ் ஆஸ்கிங் யூ" என்கிறாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. அப்புறம் கொஞ்ச நேரம் செருப்புச் சத்தம். அப்புறம் என் குரல்.

"வேண்டாம்மா. இனிமே வேண்டாம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பாஸ்டர் ஐயா கேட்டார். நான் பொய்க்குத் துணைபோகிறவள் இல்லை, அதனால்தான். கேமராவுக்கு முன்னால் மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து மாத்திரை போட்டால் அந்த வீடியோ என்ன ஆகும்? பொய்ச்சாட்சி ஆகும். அதை ஆயிரம் பேருக்கு முன்னால் போட்டுக் காட்ட என் மனசாட்சி இடம் கொடுக்காது. தனபாக்கியம் அக்காவின் மனசாட்சி இடம் கொடுக்கலாம். வீடியோ உண்மையாக இருக்க வேண்டுமானால் அவள் மாத்திரையை நிறுத்தித்தான் ஆக வேண்டும். நான் எத்தனை தடவை யோசித்தாலும் இதில் ஓட்டை தெரியவில்லை.

அவளுடைய ஆஸ்பத்திரி நோட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். நாற்பது பக்க நோட்டு, பிரவுன் அட்டை, மாதா மாதம் மருந்து கொடுத்த தேதியும் முத்திரையும். மேடையில் தூக்கிக் காட்ட வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. சும்மா பேசுகிறவர்களுக்கும் நமக்கும் அதுதானே வித்தியாசம். இங்கே திரும்பி வந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டேன்.

ஆகஸ்ட் பதினாலாம் தேதி சேனாபதி எஸ்.டி.டி. பூத்திலிருந்து மிஸ்டு கால் கொடுத்தார். காலிங் கார்டு போட்டுக் கூப்பிட்டேன்.

"அக்கா, வசந்தாமணிக்கு மறுபடி வந்துருச்சுங்க. ரெண்டு தடவை. நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க. ஆஸ்பத்திரியில நோட்டு எங்கேன்னு கேக்கறாங்க. அது இல்லைன்னா முதல்ல இருந்து பெரிய டாக்டரைப் பார்க்கோணுமாம், கோயம்புத்தூர் போகோணும். கூலி விட்டுட்டுப் போக முடியலீங்க. அந்த நோட்டை மட்டும் கூரியர்ல அனுப்பிருங்கக்கா."

"மாநாடு முடிஞ்ச உடனே அனுப்பறேன் தம்பி. இன்னும் மூணு வாரம்தான். பொறுத்துக்கச் சொல்லுங்க, இது சோதனைக் காலம்."

"அக்கா, ஜெராக்ஸ் எடுத்தாச்சும் அனுப்பலாமுங்களே."

இதை நான் மறைக்கப் போவதில்லை. ஜெராக்ஸ் எடுத்திருக்கலாம். எங்கள் ஹாஸ்பிடலில் ஃப்ளோருக்கு ஒரு மெஷின் இருக்கிறது, கூரியர்காரன் தினமும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறான். ஆனால் நோட்டு போனால் மாத்திரை வரும். மாத்திரை வந்தால் சாட்சி போய்விடும். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது, பூத்துக்கு வெளியே பஸ் கண்டக்டர் விசிலடித்ததுகூடக் கேட்டது.

அடுத்த கால் ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி, வியாழக்கிழமை. நான் மாநாட்டுக்காக டாலஸுக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். வசந்தாமணி தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் திருப்பப் போயிருக்கிறாள். வலிப்பு வந்து குப்புற விழுந்திருக்கிறாள். முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லையாம். பள்ளிக்கூடம் விட்டு வந்த தென்றல்தான் பார்த்திருக்கிறாள். சேனாபதி அழுதுகொண்டே சொன்னார். அவர் அழுது முடிக்கும்வரை நான் பொறுமையாகக் கேட்டேன். நானும் அழுதேன். கல்நெஞ்சக்காரி இல்லை நான். பிறகு, மாநாடு முடியும்வரை வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். துக்கச் செய்தியைத் தக்க சமயத்தில் சொல்ல வேண்டும், அது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவைப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது என்கிறீர்கள். ஆனால் அது எடுத்த அன்று உண்மை. எடுத்த அன்று அவளுக்கு வலிப்பு இல்லை. தென்றல் மாத்திரையைக் கொட்டுகிற இடத்தில் ஹால் முழுக்க விசும்பல். நான் நோட்டைத் தூக்கிக் காட்டினேன். ஒருவரும் டீக்குப் போகவில்லை. தனபாக்கியம் அக்கா மேடைக்கே ஏறி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அன்றைக்கு நீங்கள் மூன்று பேரும் முதல் வரிசையில் இருந்தீர்கள். பாஸ்டர் ஐயாதான் எழுந்து நின்று முதலில் கை தட்டினார். குறையாகச் சொல்லவில்லை, ஞாபகத்துக்குச் சொன்னேன்.

சரி. கேஸட்டில் இருப்பது இவ்வளவுதான். ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னதால், கேஸட்டில் இல்லாததையும் எழுதுகிறேன்.

ரஞ்சித்குமாருக்கு ஓடை மேட்டில் ஏறும்போது ஞாபகம் வந்து கேமராவை அணைத்திருக்கிறார். அதற்குப் பிறகும் வசந்தாமணி போகவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"வூட்டுல இன்னும் ரெண்டு அட்டை இருக்குதுங்கம்மா. ஒரு மாசத்துக்கு வரும். வேண்டாம்னு உட்டுட்டா ஒண்ணும் ஆகாதுங்களா? டாக்டரு நிறுத்தவே கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க. நீங்க படிச்சவங்க, நர்சுங்கறாங்க. நீங்க சொன்னாச் சரிங்க."

அந்த இரண்டு அட்டையையும் கொண்டுவரச் சொன்னேன். நோட்டோடு சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள், இரண்டு கையாலும். கோயம்புத்தூர் ஹோட்டல் அறையில் ஒவ்வொன்றாகப் பிதுக்கி டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். குப்பைத் தொட்டியில் போட்டால் குழந்தை ஏதாவது எடுத்துத் தின்றுவிடும். அந்த விஷயத்தில் நான் எப்போதும் ஜாக்கிரதை.

இன்னொன்று. நான் எந்த வார்டில் வேலை பார்க்கிறேன் என்று நீங்கள் யாரும் இதுவரை கேட்டதில்லை. பதினோரு வருஷமாக நியூராலஜி. வலிப்பு நோயாளிகளை டிஸ்சார்ஜ் பண்ணும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசி அனுப்புவது என் டியூட்டி. இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரும், தனியாகத் தண்ணீர் பக்கம் போகாதீர்கள் என்று வாரத்துக்கு ஐந்தாறு பேருக்குச் சொல்கிறேன். புரிந்தது என்று கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறேன். சொல்லி முடித்துவிட்டு நேராக மிஷன் கமிட்டி மீட்டிங்குக்கு வந்திருக்கிறேன்.

ஆகவே அவள் சாவுக்கு நீ காரணமா என்று கேட்டால், மருத்துவ ரீதியாகப் பேசினால் ஆமாம். மாத்திரையை நிறுத்தியது நான். மீதியை வாங்கி அழித்தது நான். மறுபடி கிடைக்காமல் நோட்டைப் பிடித்து வைத்துக்கொண்டதும் நான். என்ன ஆகும் என்று தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லமாட்டேன். தெரியும். ஆவிக்குரிய விதமாகப் பேசினால் வேறு பதில் இருக்கிறது, அதைக் கமிட்டியில் நேரில் சொல்கிறேன். என் மகள் ஜெபினா இதைப் படித்துக் காட்டச் சொல்லி, கேட்டுவிட்டு மாடிக்குப் போனவள் இன்னும் இறங்கி வரவில்லை. ஹாஸ்டலுக்கு எடுத்துப்போகிற பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்கிறது. அடுத்த வாரம்தான் காலேஜ் திறக்கிறது. இந்தத் தேசத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது.

நோட்டை ஒப்படைக்கச் சொன்னீர்கள். கொடுக்கிறேன், ஆனால் ஒரு விண்ணப்பம். இந்த வருஷ மாநாடு சான் ஹோசேயில், மில்பிடாஸ்காரர்கள் நடத்துகிறார்கள். தென்றலை அழைத்துவர முடியுமா என்று பாருங்கள். தாயில்லாப் பிள்ளை, மேடையில் இரண்டு நிமிஷம் பேசினால் போதும். சபை லெட்டர்ஹெட்டில் எழுதினால் விசா கிடைக்கும். வந்த இடத்தில் கண்ணையும் பார்த்துவிடலாம். அப்போது அவள் கையில் பிடித்துக்கொள்ள அந்த நோட்டு வேண்டியிருக்கும்.

அருமையான பிள்ளை அவள். அவள் அம்மாவுக்கு ஜெபித்த மறுநாளிலிருந்து நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை, தினமும் சரியாகக் காலை எட்டு மணிக்கு எனக்கு ஒரு டம்ளர் வெந்நீரோடு வந்து நிற்பாள். அம்மாவுக்குக் கொடுத்துக் கொடுத்துப் பழக்கம். என் பிரஷர் மாத்திரை டப்பாவில் கிழமை போட்டு ஏழு அறை இருக்கும். அவளே அன்றைய அறையைத் திறந்து, எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, நான் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாள்.

இப்போதும் மணி எட்டாகப்போகிறது. இத்தோடு முடித்துக்கொள்கிறேன். இந்த மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது, விட்டால் உயிருக்கே ஆபத்து.